கிளஸ்டரில் எந்த டிஸ்க் எந்தத் தட்டில்? (ஒருமுறை பிழையானதை உருவிவிட்டோம்)

முறிகண்டிக் கச்சான் · திங்கள், இரவு 9.40

வணக்கம். போனில் தமிழ் விசைப்பலகையோடு இருக்கிறேன். கட்டளைகளையும் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் இடத்தில் நான்கு பழைய சேர்வர்களை வைத்து ஒரு செஃப் கிளஸ்டர் ஓடுகிறது (பல சேர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பாக்கும் மென்பொருள்தான் செஃப்). சேர்வர்களுக்குக் குளங்களின் பெயர்தான்: இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் 12 தட்டு. எட்டில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க், இரண்டில் இயங்குதளத்துக்கான சின்ன எஸ்எஸ்டி, ஒன்றில் புளூஸ்டோரின் (செஃப் டிஸ்க்கில் தரவை எழுதும் முறை) டேட்டாபேஸ் வைக்க ஒரு எஸ்எஸ்டி, ஒன்று வெறுமை. ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு ஒரு ஓஎஸ்டி (அந்த டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் புரோகிராம்), மொத்தம் 32, 0 முதல் 31 வரை.

சனிக்கிழமை ஓஎஸ்டி 17 விழுந்துவிட்டது. நான் முல்லைத்தீவில் வீட்டில். தூரத்திலிருந்து நுழைந்து பார்த்தால் வவுனிக்குளத்தில் எஸ்டிஜி என்று காட்டியது (லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர்). ஏ, பி, சி என்று விரல் மடித்து எண்ணினேன், ஜி ஏழாவது. அங்கே நின்ற பெடியனுக்குப் போன் எடுத்து, "இடமிருந்து வலமாக ஏழாவதை உருவு" என்றேன். உருவினான். ஒரு நிமிடத்தில் ஓஎஸ்டி 20 உம் விழுந்தது.

திரும்பப் போடச் சொன்னேன், போட்டான். ஆனால் 20 எழும்பவில்லை. அதற்கு முதல் எஸ்டிஜே என்று இருந்த அதே டிஸ்க் இப்போது எஸ்டிஎல் என்று வந்து நிற்கிறது.

தரவு ஒன்றும் போகவில்லை. மூன்று பிரதி, பிரதிகள் வேறு வேறு சேர்வரில். ஆனால் இனி ஒரு டிஸ்க்கில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. ஓஎஸ்டி எண்ணிலிருந்து சரியான தட்டுக்குப் போக நிச்சயமான வழி என்ன?

ஏ9 பயணி · திங்கள், இரவு 10.15

முதலில் 20 ஐ எழுப்புங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

எஸ்டிஜே எஸ்டிஎல் ஆனதில் புதினம் இல்லை. டிஸ்க்கை ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பகுத்துக் கொடுக்கும் அடுக்கு) பழைய பெயரை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பெயர் காலியாகவில்லை என்பதால் திரும்பி வரும் டிஸ்க்குக்கு அடுத்த வெற்று எழுத்துத்தான் கிடைக்கும். ஓஎஸ்டி இன்னும் பழைய, செத்த பெயரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. செத்த இணைப்பைக் கையால் கழற்றி, எல்விஎம்மைத் திரும்பத் தேட விட்டு, செஃப்-வால்யூம் கட்டளையால் ஆக்டிவேட் செய்யலாம். உங்களுக்கு அது பழக்கமில்லை என்றால் நோஅவுட் கொடியை (விழுந்த ஓஎஸ்டியை செஃப் ஒதுக்கிவிடாமல் தடுப்பது) போட்டுவிட்டு வவுனிக்குளத்தை மட்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். மற்ற மூன்றும் நலமாக இருப்பதை முதலில் பாருங்கள்.

எழும்பியதும் நோஅவுட்டை எடுக்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை மூன்று கிழமை மறந்திருந்தேன்.

இன்னொன்று. நீங்கள் தப்பியது பெடியன் உருவியதும் அதே வவுனிக்குளத்தில் இருந்தபடியால்தான். ஒரு சேர்வரில் ஒரு பொருளின் (செஃப் சேமிக்கும் தரவுத் துண்டு) ஒரு பிரதிதான் இருக்கும். இரண்டு டிஸ்க் போனாலும் எந்தப் பொருளுக்கும் ஒரு பிரதிக்கு மேல் நட்டமில்லை. பக்கத்து இரணைமடுவில் உருவியிருந்தால், இரண்டு டிஸ்க்குக்கும் பொதுவான பிஜிக்களில் (பொருள்களைச் சேர்த்து வைக்கும் கூட்டங்கள்) ஒரு பிரதிதான் மிஞ்சும். குறைந்தது இரண்டு வேண்டும் என்பதுதான் வழக்கமான அமைப்பு, ஆகவே அந்தப் பகுதியில் வாசிப்பு, எழுத்து எல்லாம் நின்றிருக்கும்.

பட்டிக்காரன் · செவ்வாய், காலை 6.05

தம்பி, உங்கள் பிழை எண்ணியதில் இல்லை. எழுத்தை நம்பியதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாட்டுப் பட்டி இருந்தது, அதை வைத்தே சொல்கிறேன். பின்னேரம் மாடுகள் படலையால் உள்ளே வரும்போது முதல் வந்தது ஏ, அடுத்தது பி, அதற்கடுத்தது சி என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? நாளைக்கு வேறு ஒழுங்கில் வரும். எஸ்டிஏ, எஸ்டிபி என்பது அவ்வளவுதான். லினக்ஸின் மையமான கேர்னல் கண்ட ஒழுங்கு. 2022 மின்வெட்டுக் காலத்தில் எங்கள் சேர்வர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் அணைந்து எழும்பும், சில நாள் எழுத்துகள் மாறியே இருக்கும்.

மாட்டுக்குச் சுட்ட குறி மாறாது. டிஸ்க்குக்குக் குறி அதன் சீரியல் எண், அல்லது டபிள்யூடபிள்யூஎன் (உலகில் அந்த டிஸ்க்குக்கு மட்டுமே உள்ள எண்). லினக்ஸில் டெவ் அடைவுக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்று பாருங்கள், குறியின்படி பெயர்கள் இருக்கும். பக்கத்தில் பை-பாத் என்று இன்னொன்று. அது மாடு எந்தக் கட்டையில் கட்டியிருக்கிறது என்பது, அதாவது எந்தக் கொன்ட்ரோலரின் எந்தப் போர்ட். குறி வேறு, கட்டை வேறு. உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

பாலைப்பழம் · செவ்வாய், காலை 8.30

பட்டிக்காரன் அண்ணை சொன்னதை அப்படியே கட்டளையாக மாற்றுகிறேன்.

செஃப் ஓஎஸ்டி ட்ரீ போட்டால் 17 எந்தச் சேர்வரில் என்று தெரியும். செஃப் ஓஎஸ்டி மெட்டாடேட்டா 17 என்று போட்டால் டிவைஸ்-ஐடிஸ் என்ற வரியில் மொடலும் சீரியலும் சேர்ந்து வரும். ஓஎஸ்டி விழுந்திருந்தாலும் மொனிட்டரிடம் (கிளஸ்டரின் நிலையைக் கவனிக்கும் செஃப் பகுதி) கடைசியாகச் சொன்ன விபரம் இருக்கும், அதனால் டிஸ்க் செத்த பிறகும் குறியை எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் பார்க்க செஃப் டிவைஸ் எல்எஸ். அது 2019 இல் வந்த நோட்டிலஸ் பதிப்பிலிருந்து இருக்கிறது. (செஃப் என்ற பெயரே கணவாய்க் குடும்பத்திலிருந்து எடுத்ததுதான். பதிப்புகளுக்கும் அந்தக் குடும்பத்துப் பெயர்களை எழுத்து வரிசையில் வைக்கிறார்கள். 2024 பதிப்பு ஸ்குவிட். முல்லைத்தீவுக்காரருக்கு நான் கணவாய் பற்றிச் சொல்லத் தேவையில்லை.)

சேர்வருக்குள்ளே நுழைந்து செஃப்-வால்யூம் எல்விஎம் லிஸ்ட் போட்டால் ஓஎஸ்டி எண், அதன் புளொக் டிவைஸ், அதன் டேட்டாபேஸ் எந்த எஸ்எஸ்டியில் என்பதும் வரும். இந்தக் கடைசி விஷயத்தை வடிவாகக் கவனியுங்கள். உங்கள் எட்டு ஓஎஸ்டிக்கும் டேட்டாபேஸ் ஒரே எஸ்எஸ்டியில். அதைத் தவறி உருவினால் எட்டும் ஒன்றாக விழும். முதலில் அந்தத் தட்டுக்குச் சிவப்பு அடையாளம் போடுங்கள்.

இனிச் சிக்கல். சீரியல் அச்சடித்த லேபல் டிஸ்க்கின் மேல்முகத்தில் இருக்கிறது. தட்டு உள்ளே இருக்கும்வரை அதை வாசிக்க முடியாது. வாசிக்க வேண்டுமென்றால் உருவ வேண்டும், உருவலாமா என்று தெரிய வேண்டுமென்றால் வாசிக்க வேண்டும். இதற்காகத்தான் விளக்கு.

செஃப் டிவைஸ் லைட் ஒன் என்று டிவைஸ் பெயரோடு போட்டுப் பாருங்கள், அடையாள விளக்கு எரிய வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சேர்வரிலேயே லெட்சிடிஎல் லொக்கேட். அதுவும் இல்லையென்றால் எஸ்ஜி-செஸ். மூன்றும் வேலை செய்வது பின்பலகை (தட்டுகள் உள்ளே போய்ச் செருகும் பலகை) பதில் சொன்னால் மட்டுமே.

சிறுபோகம் · செவ்வாய், காலை 11.20

இவ்வளவு பாடு ஏன்? தட்டில் ஓஎஸ்டி 17 என்று ஸ்ரிக்கர் ஒட்டினால் முடிந்தது. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம், ஐந்து வருடமாகப் பிரச்சினை இல்லை.

ஏ9 பயணி · செவ்வாய், மதியம் 12.45

ஐந்து வருடத்தில் எத்தனை டிஸ்க் மாற்றினீர்கள்?

ஓஎஸ்டி எண்ணை ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. டிஸ்க்கை மாற்றும்போது எண்ணை அப்படியே வைக்கலாம், புதிய எண்ணும் கொடுக்கலாம், டிஸ்க்கை இன்னொரு சேர்வருக்குத் தூக்கியும் போடலாம். மூன்றிலும் ஸ்ரிக்கரை யாராவது நினைத்து மாற்ற வேண்டும். அவசரத்தில் மாற்றமாட்டார்கள். ஸ்ரிக்கர் இல்லாத தட்டு முன்னால் ஆள் நின்று யோசிப்பான். பொய் சொல்லும் ஸ்ரிக்கர் முன்னால் யோசிக்கவே மாட்டான்.

சீரியலின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டுங்கள். டிஸ்க் எங்கே போனாலும் அது உண்மையாகவே இருக்கும்.

சிறுபோகம் · செவ்வாய், பிற்பகல் 1.10

இரண்டு மாற்றினோம். சரி, சீரியல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒட்டுவதே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். கரண்ட் போய் எல்லாம் இருட்டாக இருக்கும் நேரம் ரோச் லைட்டோடு நிற்பவனுக்கு உங்கள் எஸ்ஜி-செஸ் எதுவும் உதவாது.

இரவல் சேர்வர் · செவ்வாய், பின்னேரம் 4.00

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வவுனியாவில் எங்களிடம் இருக்கும் பெட்டியில் ரெய்ட் கார்ட் (டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் கார்ட்) இருக்கிறது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயில் சீரியலைக் கேட்டால் எல்லா டிஸ்க்குக்கும் ஒரே மாதிரி நீண்ட எண் வருகிறது, டிஸ்க்கின் லேபலில் உள்ளதோடு எதுவும் பொருந்தவில்லை.

பாலைப்பழம் · செவ்வாய், பின்னேரம் 4.35

நீங்கள் பார்ப்பது டிஸ்க் இல்லை, கார்ட் உண்டாக்கிக் காட்டும் மெய்நிகர் டிஸ்க். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்ட் 0 ஆகக் கட்டியிருப்பார்கள். டிஸ்க்கின் உடல்நிலையை வாசிக்கும் ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு மெகாரெய்ட் என்ற வகையையும் டிஸ்க் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் கார்டைத் தாண்டி உண்மையான சீரியலை வாசிக்கும். கார்ட் ஸ்ரோர்சிஎல்ஐ என்ற கருவிக்குப் பதில் சொன்னால் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு: எந்த உறை (டிஸ்க் தட்டுகள் உள்ள கூடு), எந்த ஸ்லொட் என்று அதுவே சொல்லும், ஸ்ராட் லொக்கேட் போட்டால் விளக்கும் மினுக்கும். ஆனாலும் செஃப்புக்கு டிஸ்க்கை நேரே கொடுப்பதுதான் நல்லது. கார்ட் இடம் கொடுத்தால் ஜேபொட் முறைக்கு (டிஸ்க்கை அப்படியே காட்டுவது) மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியலாம், ஆகவே ஒவ்வொரு சேர்வராக வெறுமையாக்கிச் செய்யுங்கள்.

முறிகண்டிக் கச்சான் · செவ்வாய், இரவு 8.50

நன்றி. 20 எழும்பிவிட்டது. மறுதொடக்கத்தின் பின் எழுத்துகள் எல்லாம் மாறிவிட்டன, முந்தைய எஸ்டிஜி இப்போது எஸ்டிசி. பட்டிக்காரன் அண்ணையின் மாடுகள்தான்.

விளக்கு எரியவில்லை. செஃப் டிவைஸ் லைட் பிழை காட்டியது. லிப்ஸ்ரோரேஜ்எம்ஜிஎம்டி பொதி சேர்வரில் இல்லை. நிறுவிய பிறகும் இல்லை. லெட்சிடிஎல் இந்தக் கொன்ட்ரோலரைத் தனக்குத் தெரியாது என்கிறது. எஸ்ஜி-செஸ்ஸுக்குக் காட்ட உறை ஒன்றுமே இல்லை. இரண்டாம் கையாக வாங்கிய பெட்டி, உள்ளே யார் என்ன மாற்றினார்களோ.

ஏ9 பயணி · செவ்வாய், இரவு 9.20

பின்பலகைக்குப் போகும் சின்ன வயரை யாரோ பூட்டாமல் விட்டிருக்கலாம். விடுங்கள், வேறு வழி இருக்கிறது.

17 ஐ மாற்றுவதற்கு முதல் ஒரு கேள்வி: அது உண்மையாகவே செத்ததா? ஸ்மார்ட்சிடிஎல்லில் 197, 198, 199 மூன்றையும் பாருங்கள். 197 வேறு இடத்துக்கு மாற்றக் காத்துக்கிடக்கும் பழுதான பகுதிகள், 198 வாசிக்கவே முடியாதவை. இவை ஏறியிருந்தால் டிஸ்க் போய்விட்டது. 199 மட்டும் ஏறியிருந்தால் வயர் அல்லது தொடுகை. கழற்றித் துடைத்துப் போட்டாலே சரியாகும். எங்கள் பக்கம் செம்மண் தூசிக்கு இது அடிக்கடி நடக்கிறது.

முறிகண்டிக் கச்சான் · செவ்வாய், இரவு 9.45

197 இல் 312. 198 உம் அதே அளவு. 199 பூச்சியம். டிஸ்க்தான்.

பட்டிக்காரன் · புதன், காலை 5.50

அப்படியென்றால் அவசரமே இல்லை. இதைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஓஎஸ்டி விழுந்து பத்து நிமிடம் கழிய செஃப் அதைத் தானாக அவுட் ஆக்கிவிடும், 600 விநாடி என்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. அப்புறம் மிச்சம் இருக்கிற டிஸ்க்குகளில் பிரதியைத் திரும்ப எழுதத் தொடங்கும். அது முடியட்டும். இடம் போதுமா என்று மட்டும் பாருங்கள், 85 வீதத்தில் எச்சரிக்கை வரும், 90 தாண்டிய டிஸ்க்குக்கு மேற்கொண்டு நிரப்பாது. எல்லாப் பிஜியும் அக்டிவ் பிளஸ் கிளீன் (எல்லாப் பிரதியும் சரியாக உள்ள நிலை) ஆன பிறகு செஃப் ஓஎஸ்டி சேஃப்-டு-டெஸ்ட்ரோய் 17 என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த டிஸ்க்கில் யாருக்கும் தேவையான எதுவும் இல்லை. பழையபடி மூன்று பிரதி. அந்த நிலையில் பிழையான ஒன்றை உருவினாலும் உங்களுக்குப் போவது அரை மணித்தியாலம்தான். சனிக்கிழமை நீங்கள் செய்தது குறைந்த பிரதிகளோடு இருக்கும்போதே கை வைத்தது.

அறுவடை நேரம் மழை வந்தால் ஓடத்தான் வேண்டும். இது அப்படி இல்லை. போய்ச் சோறு சாப்பிடுங்கள்.

ஏ9 பயணி · புதன், காலை 7.30

அண்ணை சொன்னதோடு: விளக்கு வசதி இல்லாத பெட்டியில் இரண்டு தந்திரம்.

ஒன்று, இருட்டு. மற்ற டிஸ்க்குகள் வேலை செய்யும்போது அவற்றின் பச்சை விளக்கு துடிக்கும். ஓஎஸ்டி நிறுத்திய டிஸ்க் துடிக்காது. துடிக்காததைத் தேடுங்கள். ஆனால் இயங்குதள எஸ்எஸ்டிகளும் சும்மா இருக்கும் நேரம் இருட்டாகத்தான் இருக்கும், ஏமாறாதீர்கள்.

இரண்டு, தொடர் வாசிப்பு. டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால் ஒரு டிஸ்க்கிலிருந்து டெவ் நல்லுக்கு (எதை எழுதினாலும் விழுங்கிவிடும் இடம்) வாசிக்க விட்டால் அதன் விளக்கு விடாமல் எரியும். பத்து விநாடி ஓட்டி, ஐந்து விநாடி நிறுத்தி, திரும்ப ஓட்டுங்கள். அந்தத் தாளம் தட்டில் தெரிந்தால் அது உங்கள் டிஸ்க். ஐஎஃப் (எதிலிருந்து) டிஸ்க், ஓஎஃப் (எதற்கு) டெவ் நல். மாற்றி அடித்தால் என்னிடம் வந்து அழக்கூடாது. ஒருமுறை எழுதி, ஒருமுறை வாய்விட்டு வாசித்து, அப்புறம் என்டர்.

செத்த டிஸ்க் வாசிப்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபக்கமாக வாருங்கள்: உயிரோடு இருக்கும் மற்றவற்றை ஒவ்வொன்றாக மினுக்க வைத்துக் குறித்துக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது அதுதான்.

முறிகண்டிக் கச்சான் · வியாழன், இரவு 8.10

இன்று கிளிநொச்சிக்கு நேரே போனேன். காலையில் பரந்தன் வழியாகப் பஸ்.

நேற்றிரவே மீளெழுதல் முடிந்திருந்தது. சேஃப்-டு-டெஸ்ட்ரோய் ஆம் என்றது. பெடியன் தட்டுகளுக்கு முன்னால் கொப்பியோடு, நான் மடிக்கணினியோடு. மினுக்க வைக்க வைக்க அவன் எழுதினான். பத்து டிஸ்க்குக்கு இருபது நிமிடம்.

எழுதி முடித்தபோதுதான் சனிக்கிழமை நடந்தது முழுவதும் விளங்கியது. இந்தப் பெட்டியில் 12 தட்டும் மூன்று நிரை, நான்கு நிரல். உள்ளே மூடியில் ஒட்டிய படத்தின்படி எண் 0 இலிருந்து தொடங்குகிறது, மேலிருந்து கீழாக ஒரு நிரல் முடிந்துதான் அடுத்த நிரலுக்குப் போகிறது. பெடியன் 1 இலிருந்து, இடமிருந்து வலமாக எண்ணினான். அவனுடைய ஏழாவது, நடு நிரையில் மூன்றாவது, பெட்டியின் கணக்கில் ஸ்லொட் 7. நான் 0 இலிருந்து எண்ணியிருந்தால் ஏழாவது என்பது ஸ்லொட் 6, அதற்கு நேர் மேலே. செத்த டிஸ்க் இரண்டிலும் இல்லை. முதல் நிரலின் அடியில், ஸ்லொட் 2. எழுத்துக்கும் இடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உருவியதும் முதல் வேலையாக லேபலைப் போனில் படம் எடுத்து மெட்டாடேட்டாவில் வந்த சீரியலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். பொருந்தியது. பின்னால் பல்லி முட்டை ஓடு இரண்டு கிடந்தது, அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை.

17 ஐ டெஸ்ட்ரோய் செய்து எண்ணை வைத்துக்கொண்டேன். புதிய டிஸ்க் போட்டபோது ஒரு தடங்கல்: பழைய 17 இன் டேட்டாபேஸ் துண்டு எஸ்எஸ்டியில் அப்படியே கிடந்தது, புதியதற்கு இடமில்லை என்றது. அதைச் சாப் செய்த (துடைத்து அழித்த) பிறகுதான் உண்டாக்க விட்டது. இப்போது நிரம்பிக்கொண்டிருக்கிறது.

சீரியலின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டினோம். சிறுபோகம் அண்ணைக்கு வெற்றி பாதி.

சிறுபோகம் · வியாழன், இரவு 8.40

பாதி போதும். எங்கே ஒட்டினீர்கள்? தட்டின் முகத்தில் இருக்கும் துளைகளை மூடிவிடாதீர்கள், காற்று உள்ளே போவது அதனால்தான். கைபிடியின் ஓரத்தில் ஒட்டுங்கள். சித்திரை வைகாசி வெக்கைக்குக் கடதாசி ஸ்ரிக்கரின் பசை உருகி விழும். பெயின்ட் பேனையால் நேரே எழுதுவது நிலைக்கும், ஆனால் டிஸ்க் மாறும்போது தின்னரால் அழிக்க வேண்டும். நான் துணி நாடா பாவிக்கிறேன்.

பாலைப்பழம் · வியாழன், இரவு 9.05

கொப்பியில் எழுதியதை ஒரு கோப்பாகவும் வையுங்கள், ஆனால் அந்தக் கோப்பை இதே கிளஸ்டருக்குள் வைக்காதீர்கள். சேர்வர், ஸ்லொட், பை-பாத், சீரியல், ஓஎஸ்டி, டேட்டாபேஸ் எஸ்எஸ்டி. ஆறு நிரல் போதும். மற்ற மூன்று சேர்வருக்கும் எப்போது செய்வீர்கள்?

நோஅவுட் எடுத்தாயிற்றா?

முறிகண்டிக் கச்சான் · வியாழன், இரவு 9.10

எடுக்கவில்லை. இப்போது எடுத்தேன்.

ஏ9 பயணி · வியாழன், இரவு 9.12

:-)

பெடியன் · வெள்ளி, பிற்பகல் 3.30

புதுக் கணக்கு. "அங்கே நின்ற பெடியன்" நான்தான். இடமிருந்து வலமாக ஏழாவது என்று அண்ணை சொன்னார், ஏழாவதைத்தான் உருவினேன். பதிவில் இருக்கட்டும்.

மற்ற மூன்றையும் இன்று காலை தொடங்கி நானே செய்து முடித்தேன். இரணைமடுவும் அக்கராயனும் பிரச்சினை இல்லை, போர்ட் எண்ணும் தட்டு எண்ணும் ஒரே ஒழுங்கில் போகின்றன. முத்தையன்கட்டுவில் நிரல் இரண்டும் மூன்றும் இடம் மாறி இருக்கின்றன. மூடியைத் திறந்து பார்த்தேன், பின்பலகைக்குப் போகும் இரண்டு கேபிள் குறுக்காகப் பூட்டியிருக்கிறது. மாற்றிப் பூட்டவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளபடியே எழுதிவிட்டு, மூடியில் "3 முதல் 8 வரை குறுக்கு" என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன். சரிதானே?

பட்டிக்காரன் · வெள்ளி, பின்னேரம் 5.15

சரி தம்பி. ஓடுகிற பெட்டியில் கேபிளைத் தொடாதது மெத்தச் சரி.

முறிகண்டிக் கச்சான் · வெள்ளி, பின்னேரம் 5.40

17 நிரம்பி முடிந்தது, 32 உம் மேலே. தம்பி, திங்கள் வரும்போது முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கி வருகிறேன். எத்தனை பை என்று நீ எண்ணிச் சொல்லு, 1 இலிருந்து.